கழுகுமலைப் பாறையும் 2016-ம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதைவிட உண்மையான காரணம் சோம்பேறித்தனம். போன பங்குனியில ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்தே இதை எழுதணும்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். பாதி எழுதி, எழுதினதை அழிச்சு, இன்னைக்குத்தான் முடிஞ்சது. ஏன் அழிச்சேன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

பெங்களூர்ல நாங்க நாலு பேர் சனி ஞாயிறு ஆனா பாறை ஏறப் போவோம். பெரிய வீரன்னு நினைச்சிடாதீங்க மக்களே. கயிறெல்லாம் கட்டி இமயமலை ஏறுற ரகம் இல்லை இது. பத்துப் பன்னிரண்டு அடி உயரக் குண்டுப்பாறை, கீழே ஒரு தடிமனான மெத்தை, விழுந்தா பிடிக்க ரெண்டு பேர், அவ்வளவுதான். இதுக்குப் பேரு போல்டரிங். வெயில் காலத்துல காலைல அஞ்சரைக்கே போயிடணும். எட்டரை மணிக்கு மேல பாறை தோசைக்கல் ஆயிடும், உள்ளங்கை வேர்த்து வழுக்கும்.

"உங்க ஊர்ப் பக்கம் பாறை ஏதாச்சும் இருக்காடா?"ன்னு சேலத்துப் பய கேட்டான். அவன் கேட்ட தோரணையில எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துடுச்சு. "கழுகுமலைன்னு ஒண்ணு இருக்கு, வந்து பாரு"ன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்ச உடனே அடிவயித்துல ஒரு சின்ன கலக்கம். அதுக்கான காரணம் பின்னால வரும்.

எங்க ஆச்சி வீடு பனவடலிசத்திரம். திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல மானூர், தேவர்குளம் எல்லாம் தாண்டினா வரும். வடலின்னா இளம்பனை. பனை வடலிகளுக்கு நடுவுல ஒரு சத்திரம் இருந்த இடம்னு ஊரோட பேரே சொல்லிடுது. பஸ்ஸும் காரும் இல்லாத காலத்துல ஜனங்க நடந்தும் மாட்டுவண்டியிலயும்தான் போனாங்க. அவங்க இறங்கி, தண்ணி குடிச்சு, கட்டுச்சோத்தை அவிழ்த்துத் தின்னுட்டுப் படுத்து எழுந்திரிக்க வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. இப்போ அந்த வழியில பனையைவிடக் காத்தாடிதான் அதிகம் கண்ணுல படுது. தேவர்குளம் தாண்டினதுமே நண்பர்கள் ஜன்னல் வழியா காத்தாடியைப் போட்டோ எடுக்க ஆரம்பிச்சிட்டானுங்க. பாறையைத்தான் எங்கேயும் காணோம். "எங்கடா மலை?"ன்னு நாலு தடவை கேட்டானுங்க.

மெத்தையை வண்டியில இருந்து இறக்கும்போது பக்கத்து வீட்டு மாமா பார்த்தார். எழுபது வயசு தாண்டிருச்சு. அவர் காலத்துல பனையேறி. "என்னல இது, ஆஸ்பத்திரி மெத்தை மாதிரி?" "பாறை ஏறுறதுக்கு மாமா. கீழே விழுந்தா அடிபடாம இருக்க." மாமா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "விழுகிறதுக்குன்னே ஏறுவியளோ?"ன்னார். சேலம் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

பனையேற்றம் பத்தி இங்க கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நாங்க செய்யறதுக்கெல்லாம் அது பெரியப்பா. ஐம்பது அறுபது அடி மரம். காலுக்கு நாரால செஞ்ச தளைநார், மரத்துல சாத்தி முதல் அடி எடுத்து வைக்க முருக்குத்தடி, இடுப்புல அருவாப்பெட்டி, கூடவே கலயம். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருக்கணும், இல்லேன்னா பதநீர் புளிச்சுக் கள்ளாயிடும். பாளையைச் சீவி விடறதுக்குக் காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு மரத்துலயும் ஏறி இறங்கணும். பதநீர்க் காலம் பங்குனி சித்திரை வெயில்லதான் மும்முரமா இருக்கும். அப்போ ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை அடி ஏறியிருப்பார்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. தமிழ்நாட்டோட மாநில மரமாப் பனையை 1978-ல அறிவிச்சாங்க. ஏறுற ஆளுக்கு அப்படி எந்தப் பட்டமும் கிடைக்கலை. மாமாவோட நெஞ்சுலயும் ரெண்டு முன்னங்கையிலயும் உள் தொடையிலயும் மரம் உரசி உரசித் தோல் காய்ச்சுப் போய்க் கிடக்கும். சின்னப் பிள்ளையில அதைத் தொட்டுப் பார்க்கிறது எனக்கு ஒரு விளையாட்டு.

எங்க விளையாட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பாரிஸ் பக்கம் ஃபோன்டன்ப்ளோன்னு ஒரு காடு. அங்க கிடக்கிற மணற்பாறைகள்ல ஆல்ப்ஸ் மலை ஏறப் போறவங்க பயிற்சிக்காக ஏற ஆரம்பிச்சாங்க. அவங்கள்ல பியர் அலன்கிறவர் ரப்பர் அடி வச்ச வழவழ ஷூ ஒண்ணைச் செஞ்சார். இன்னைக்கு நாங்க போடற ஷூவுக்கு அதுதான் பாட்டன். பாறையிலயே நின்னுக்கிட்டு "இது பயிற்சி இல்லை, இதுவே ஒரு விளையாட்டு"ன்னு ஆக்கினவர் அமெரிக்காக்காரர் ஜான் கில். 1937-ல பிறந்தவர், கணிதப் பேராசிரியர், ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிஞ்சவர். ஜிம்னாஸ்டிக்ஸ்ல கைக்குப் போடற மெக்னீசியம் கார்பனேட் பொடியை 1950-கள்ல பாறைக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். போல்டரிங் ஒரு கலைன்னு 1969-ல கட்டுரையே எழுதினார். இந்தியாவுல இதுக்குப் பேர்போன இடம் ஹம்பி. கிறிஸ் ஷர்மா அங்க வந்து ஏறினதை வச்சு 2003-ல ஒரு படம் வந்துச்சு. அதுக்கப்புறம் முதுகுல மெத்தையைச் சுமந்துக்கிட்டு வெள்ளைக்காரங்க துங்கபத்திரையைத் தாண்டிப் போறது சகஜமாயிடுச்சு.

கை வேர்வைக்கு ஜான் கில்லோட பொடி, கலயத்துக்கு மாமாவோட சுண்ணாம்பு. ரெண்டும் வெள்ளை. மாமா என் பொடிப்பையைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "வெத்தலைக்கு ஆவுமா?"ன்னு கேட்டார் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

மறுநாள் விடியக்காலை கிளம்பி, சங்கரன்கோவில் போய், கோவில்பட்டி ரோட்டைப் பிடிச்சோம். அங்கேருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். நாங்க தென்காசி மாவட்டம், கழுகுமலை தூத்துக்குடி மாவட்டம். சமதரையில திடீர்னு ஒரு யானை படுத்திருக்கிற மாதிரி பாறை எழுந்து நிக்கும். அதைப் பார்த்ததும் வண்டிக்குள்ள சத்தமே இல்லை. "எங்கடா மலை"ன்னு கேட்ட வாயெல்லாம் மூடிக்கிச்சு. எனக்கு ஒரே பெருமை.

மலையடிவாரத்துல கழுகாசலமூர்த்தி கோயில். அதுவும் குடைவரைதான், முருகன் பாறைக்குள்ளதான் இருக்கார். கழுகு, அசலம், அதாவது கழுகுமலை. சம்பாதி இங்க வந்து முருகனைக் கும்பிட்டதாத் தலபுராணம். காவடிச்சிந்து பாடின அண்ணாமலை ரெட்டியார் (1865-1891) சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். அவர் சிந்து பாடினதும் இந்த முருகன் மேலதான். இருபத்தாறு வயசுக்குள்ள அவர் பண்ணினதையும், இருபத்தெட்டுல நான் பண்ணிக்கிட்டு இருக்கிறதையும் ஒப்பிட்டா மனசு கஷ்டப்படும், அதனால அடுத்த பாராவுக்குப் போயிடலாம்.

மெத்தையைத் தூக்கிக்கிட்டு ஏறப் போனோம். பாதி வழியில காவலாளி அண்ணாச்சி பிடிச்சிட்டார். "தம்பி, இது எதுக்கு?" விளக்கினோம். பொறுமையா முழுசும் கேட்டார். "இந்த மலை தொல்லியல் துறையோடது. படி வழியா ஏறிப் பாருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. மெத்தை வண்டிக்குப் போகட்டும்." அவ்வளவுதான், குரலே உசரலை. மாநிலத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற சின்னம் இது. 1966-ல வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு, இந்த மாதிரிச் சின்னங்களைச் சேதப்படுத்தினா தண்டனை உண்டு. மதுரைக்காரன் "நாங்க சேதப்படுத்த மாட்டோம் சார், சும்மா தொடுவோம்"னு ஆரம்பிச்சான். நான் அவன் கையைப் பிடிச்சு இழுத்தேன். அந்த மலையில அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மெத்தை வண்டிக்குப் போச்சு. நாங்க மேல போனோம்.

முதல்ல வெட்டுவான் கோயில். 8-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். இதைப் போட்டோவுல பார்த்துட்டு "சின்னதா இருக்கே"ன்னு சொல்றவங்க உண்டு. நேர்ல போய் அந்தப் பள்ளத்தோட விளிம்புல நின்னு பார்க்கணும். கட்டின கோயில் இல்லை இது. மலைச்சரிவுல மூணு பக்கமும் அகழி மாதிரி ஏறத்தாழ இருபத்தஞ்சு அடி ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவுல விட்ட ஒத்தைப் பாறையை மேலேருந்து கீழே செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறைதான், இதே நூற்றாண்டுதான். அளவுல அது பெரியண்ணன். மாமல்லபுரத்து ரதங்கள் அதுக்கும் ஒரு நூற்றாண்டு முன்னாடி. பாண்டிய நாட்டுல இந்த மாதிரி ஒத்தைக்கல் கோயில்னா இது ஒண்ணுதான்.

கட்டடம்னா அஸ்திவாரத்துல ஆரம்பிச்சு கலசத்துல முடியும். இங்க எல்லாமே தலைகீழ். முதல்ல எட்டுப் பட்டைச் சிகரம். அப்புறம் நந்திகள். மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி. உமையோட உட்கார்ந்திருக்கிற சிவன். கீழே வர வர வேலை கரடுமுரடாகி, அடிப்பாகத்துல உளி போட்ட தடத்தோட அப்படியே நின்னுடுது. முடியாத கோயில். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ரோல்பேக் கிடையாது. ஒரு கொம்பு உடைஞ்சா ஒட்ட வைக்க முடியாது. கல்லுக்கு அன்டூ பட்டன் இல்லை. மேல இருக்கிற கணக்கு தப்பினா கீழே எல்லாம் தப்பும். ஒரு பிழைகூட இல்லாம பாதி வரை இறங்கியிருக்காங்க.

எங்க ஊர்ப் பக்கம் இதுக்கு ஒரு கதை உண்டு. அப்பன் ஒரு சிற்பி, மகன் ஒரு சிற்பி. அப்பன் ஒரு பக்கம் வெட்ட, மகன் மலைமேல வெட்டினான். மகன் வேலையை ஊரே புகழ, அப்பனுக்குப் பொறாமை. கைச் சுத்தியலால மகனை அடிச்சுக் கொன்னுட்டான், அதனாலதான் கோயில் பாதியில நிக்குதுன்னு. ஆச்சி இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அந்தச் சுத்தியல் ஒரு சுத்துப் பெருசாகும். கதை கதைதான். ஆனா பாதியில நின்ன கோயிலுக்குப் பட்ஜெட்டோ ராஜா மாறினதோ காரணம்னு சொல்லிட்டுப் போகாம, செதுக்கினவனோட வீட்டுக்குள்ள போய்க் காரணம் தேடின ஜனங்க நம்ம ஜனங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு.

அங்கேருந்து கொஞ்ச தூரத்துல சமணச் சிற்பங்கள். பாறை முகப்பு முழுக்க வரிசை வரிசையாத் தீர்த்தங்கரர்கள். பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோட நிக்கிற அம்பிகா இயக்கி, பத்மாவதி எல்லாம் உண்டு. வரிசையில இருக்கிற பல உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்துல ரெண்டு மூணு வரி. அதுல திரும்பத் திரும்ப வர்ற சொல் "செய்வித்த திருமேனி". இன்னார் செய்வித்த திருமேனி. அதாவது இது ஒரு ராஜா கொட்டின காசுல ஒரே மூச்சுல வந்த வேலை இல்லை. ஊர் ஊரா ஆட்கள் வந்து, ஆளுக்கு ஒரு உருவம் செய்யச் சொல்லி, பேரையும் ஊரையும் எழுதச் சொல்லியிருக்காங்க. தச்சர் உண்டு, குயவர் உண்டு. எனக்கு ரொம்ப ஆச்சரியம் குரத்தியார்கள். குரவர்னா ஆசிரியர், குரத்தியார்னா பெண் ஆசிரியர். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி சமணப் பெண் துறவிகள் குருவா இருந்து, அவங்களுக்கு மாணாக்கர்கள் இருந்து, அந்தக் குரு பேரைப் பாறையில போட்டிருக்காங்க. திருச்சாரணத்துக் குரத்திகள்னு ஒருத்தர் பேர் வருது. திருச்சாரணம்கிறது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கேருந்து கழுகுமலைக்கு வந்திருக்காங்க. எங்க ஊர் மாதிரி எத்தனை சத்திரத்துல தங்கியிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்போ எங்க ஊர் ஏது!

இந்த வேலைகள் பெரும்பாலும் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டினது. 8-ஆம் நூற்றாண்டோட பின்பாதி. மாறஞ்சடையன்னும் சொல்லுவாங்க. அவனோட 23-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்க இருக்கு. மலைநாட்டு அரசன் கருநந்தன் மேல படையெடுத்து அரிவியூர்க் கோட்டையை அழிச்சதைச் சொல்லுது. சண்டை நடந்தது மேற்கே, கணக்கு எழுதினது இங்க. மலைக்கு அப்போ பேரு அரைமலை.

கல்வெட்டு படிக்கிறவங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. முதல்ல பாறையைக் கழுவணும். ஈரக் காகிதத்தை எழுத்து மேல ஒட்டி, பிரஷ்ஷால அடிச்சு அடிச்சுக் குழிக்குள்ள இறக்கணும். காய்ஞ்சதும் மையைத் தொட்டு ஒத்தணும். எழுத்து வெள்ளையா, மத்தது கறுப்பா வரும். இதுக்குப் பேரு மைப்படி. இதைத் தரையில உட்கார்ந்து செய்யறதே பாடு. இவங்க சாரம் கட்டி, ஏணி போட்டு, வெயில்ல காகிதம் சீக்கிரம் காயறதுக்குள்ள செஞ்சிருக்காங்க. கழுகுமலைக் கல்வெட்டுகள் இப்படிப் படியெடுக்கப்பட்டு, 1925-ல வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில அச்சாச்சு. கிட்டத்தட்ட நூறு. உண்மையான பாறை ஏறிகள் இவங்கதான்னு நான் சொன்னப்போ மூணு பேரும் ஒத்துக்கிட்டானுங்க.

இப்போ வயித்துக் கலக்கத்துக்கு வரேன்.

சிற்ப வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி வெறும் பாறையில பேர்கள் இருக்கு. இந்தக் காலத்துப் பேர்கள். இதயத்துக்குள்ள அம்பு விட்டது, கட்சிப் பேர், நடிகர் பேர். தோழி ஒருத்தி வந்திருந்தா, அவதான் குனிஞ்சு ஒவ்வொண்ணாப் படிச்சா. "எப்படிடா மனசு வருது இவனுங்களுக்கு? பக்கத்துலயே ஆயிரம் வருஷத்துச் சிலை இருக்கு. இங்க பாரு, மூணு எழுத்து, கீழே 2016. படிச்சவனுங்கதான் இதைப் பண்ணுவானுங்க."

படிச்சவன்தான். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிச்சவன். காம்பஸ் முள்ளால அரை மணி நேரம் கீறினவன். மூணு எழுத்துல நடு எழுத்து என்னோடது.

நான் ஒண்ணும் சொல்லலை. தண்ணி பாட்டிலைத் திறந்து குடிச்சேன். அவங்க முன்னாடி நடந்து போனதும் தனியா நின்னு விரலை வச்சுப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துல அது மழுங்கவே இல்லை. கருங்கல்லோட வெளித்தோல் வெயிலும் மழையும் பட்டுப் பட்டு நூற்றாண்டுக் கணக்குல கறுத்துப் போனது. அதைக் கீறினா உள்ளே இருக்கிற வெளுப்பு தெரியும். அந்த வெளுப்பு மறுபடி கறுக்க என் ஆயுசு பத்தாது. பேர் எழுதறதுல என்ன தப்பு, அவங்களும்தானே எழுதினாங்கன்னு மனசுக்குள்ள ஒரு வக்கீல் எழுந்து நின்னான். அவங்க ஒரு திருமேனியைச் செய்வித்துட்டு, அதுக்குக் கீழே எழுதினாங்க. நான் என்னத்தைச் செய்வித்தேன்?

இறங்கும்போது அண்ணாச்சிகிட்ட மட்டும் சொன்னேன். ஏன்னு தெரியலை, யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. "அண்ணாச்சி, அந்த 2016 நான்தான். தேய்ச்சு அழிச்சிடட்டுமா?" திட்டுவார்னு நினைச்சேன். "அய்யய்ய, அதைச் செஞ்சிராதீங்க தம்பி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சா சுத்தி இருக்கிற பாறையும் வெளுத்துப் போகும். ஒரு கோடு இப்போ ஒரு சாணாயிரும். அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்"னார். அப்புறம் ஒரு நிமிஷம் கழிச்சு, "சொன்னதுக்கு நல்லது. நான் இங்க இருக்கற வரைக்கும் இப்படி வந்து யாரும் சொன்னதில்லை"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

பஜார்ல டீ குடிக்கும்போது மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். சேலம் கிண்டல் பண்ண வாயைத் திறந்தான், மூடிக்கிட்டான். தோழி, "அந்தப் பொடிகூட இப்படித்தானே?"ன்னு கேட்டா. உண்மைதான். ஏறி முடிச்சு நாங்க விட்டுட்டு வர்ற வெள்ளைத் திட்டு, மழை படாத பாறை அடியில மாசக்கணக்குல கிடக்கும். நாங்க பிரஷ்ஷால துடைக்கிறது எப்போவாவதுதான். ராமநகரா பக்கம் ராமதேவரபெட்டா, அதான் 1975-ல வந்த ஷோலே படம் எடுத்த இடம், 2012-ல பாறு கழுகுகளுக்கான சரணாலயமா ஆச்சு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால நாடு முழுக்கக் கழுகு செத்து, 2006-ல அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை பண்ணின பிறகு மிஞ்சினதைக் காப்பாத்தத்தான் இது. "ஏற விடமாட்டேங்கறாங்க"ன்னு நாங்க எத்தனை தடவை புலம்பியிருக்கோம்! கழுகுமலை அடிவாரத்துல டீ குடிச்சுக்கிட்டு அதை நினைச்சா வேற மாதிரி இருந்துச்சு.

இன்னொரு பக்கம், பாறைக்கு எங்க காம்பஸ் முள்ளைவிடப் பெரிய எதிரி உண்டு. தென் மாவட்டங்கள்ல குவாரிக்குப் போன குன்றுகள் எத்தனை! மதுரை அரிட்டாபட்டியை 2022 நவம்பர்ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. அங்கேயும் தமிழி கல்வெட்டு, குடைவரை, சமணச் சிற்பம் எல்லாம் உண்டு. 2024-ல அந்தப் பக்கத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. ஊர் ஜனங்க திரண்டு நின்னு, 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு. மதுரைக்காரன் இதைச் சொல்லும்போது அவன் குரல்ல நான் அதுவரைக்கும் கேட்காத ஒரு சூடு. ஆனா குவாரியைக் காட்டி என் 2016-ஐ மறைச்சுக்க முடியாதுன்னு அவனும் சொல்லலை, நானும் சொல்லலை. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

சாயங்காலம் வெயில் தாழ ஊருக்குத் திரும்பினோம். கொண்டுவந்த மெத்தையை ஒரு தடவையாவது விரிக்கணும்ல. மாமாவோட சொந்தக் காட்டுல ஒரு குண்டுப்பாறை கிடக்கு. பத்தடி இருக்கும். சிலை இல்லை, எழுத்து இல்லை, ஆடு மட்டும் ஏறும். மாமாகிட்டயே கேட்டு, அவரையும் கூட்டிக்கிட்டுப் போனோம். பொடி வேண்டாம்னு முடிவு. சேலம் மூணு தடவை ஏறி மூணு தடவையும் மெத்தையில விழுந்தான். மதுரை பாதி வரை. தோழி ஏறிட்டா. நான் மேல் விளிம்புல கையை வச்சு, காலைத் தூக்க முடியாம தொங்கிக்கிட்டு இருந்தேன்.

பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தா, பாறைக்கு மறுபக்கமா ஏறி மாமா மேல நிக்கிறார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, செருப்பு இல்லாம.

"என்னல, அங்கனயே தொங்குத?"